முன்னாள் படைவீரர்களின் மனக்காயமும் அரசின் பொறுப்பும்

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 நவம்பரில் ஓர் ஆய்வுக்கு அனுமதி வழங்கியது. போர்க்களத்திலிருந்து திரும்பி, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயால் அவதிப்படும் 320 முன்னாள் படைவீரர்களைக் கொண்டு, புகைக்கப்படும் கஞ்சா அந்த நோயைத் தணிக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வு அது. இந்த அனுமதியைப் பெற ஆய்வாளர்கள் மூன்றாண்டுகளுக்கு மேல் வாதாட வேண்டியிருந்தது. ஆய்வுக்கான சுமார் 1.29 கோடி டாலரை மிச்சிகன் மாநிலம் கஞ்சா விற்பனை வரியிலிருந்து வழங்குகிறது. உலகிலேயே மிகப்பெரிய ராணுவச் செலவு செய்யும் நாட்டில், போரிலிருந்து திரும்பியவன் இரவில் உறங்குவதற்கு வழி தேடும் ஆய்வுக்கு, கஞ்சாக் கடைகளின் வரிப்பணத்தை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கோ அமெரிக்காவில் நடக்கும் ஒரு மருத்துவ ஆய்வைப் பற்றி நமது ஏட்டின் தலையங்கம் ஏன் எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். காரணங்கள் இரண்டு. ஏகாதிபத்தியப் போர்கள் தாம் கொன்றவர்களை மட்டுமல்ல, தமக்காகக் கொல்ல அனுப்பப்பட்ட உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளையும் எவ்வாறு சிதைக்கின்றன என்பதற்கு இது கண்கூடான சான்று. அது மட்டுமன்று. நமது நாட்டின் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் இதே காயத்துடன் வாழும் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாமும் போதிய அளவு பேசியதில்லை.

போர் தந்த கணக்கு

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் 'போரின் விலை' என்ற ஆய்வுத் திட்டம் 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2001 செப்டம்பருக்குப் பிறகு ஆப்கானிஸ்தான், ஈராக் உள்ளிட்ட நாடுகளில் நடத்தப்பட்ட போர் நடவடிக்கைகளில் கொல்லப்பட்ட அமெரிக்கப் படையினர் 7,057 பேர். அதே காலத்தில் தற்கொலை செய்துகொண்டவர்கள், பணியில் இருந்தோரும் அந்தப் போர்களில் பணியாற்றி ஓய்வு பெற்றோருமாக 30,177 பேர். எதிரியின் குண்டுக்கு ஒருவர் பலியானால், தன் கையாலேயே நால்வர் மாண்டிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டதாக அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறையே ஒப்புக்கொண்டுள்ளது. நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினேழுக்கும் மேற்பட்டோர்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மாண்ட லட்சக்கணக்கான மக்களின் கணக்கு இதில் சேராது. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் குழந்தையும் தாயும் அனுபவித்த பேரதிர்ச்சியை அளக்க எந்த நலத்துறையும் இல்லை. இதை மறந்துவிட்டு அமெரிக்க வீரரின் துயரை மட்டும் பேசுவது நமது நிலை அல்ல. ஆனால், வேலையின்மையாலும் கல்லூரிக் கட்டணம் செலுத்த வழியின்மையாலும் படையில் சேர்ந்த ஏழை இளைஞரை, போரைத் திட்டமிட்டு லாபம் பார்த்தவர்களோடு ஒரே தட்டில் நிறுத்துவதும் நமது நிலை அல்ல.

இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததே ஒரு போராட்டத்தின் விளைவு. முதல் உலகப்போரில் குண்டு அதிர்ச்சி கண்டு நடுங்கிய வீரர்களைக் கோழைகள் என்றார்கள். போர்க்களத்தை விட்டு ஓடியதாகவும் கோழைத்தனம் காட்டியதாகவும் இன்ன பிற குற்றங்களுக்காகவும் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. வியட்நாம் போருக்கு எதிராக 1967இல் அமைப்பாகத் திரண்ட முன்னாள் வீரர்கள், தமக்குள் கூடிப் பேசும் குழுக்களை உருவாக்கினார்கள். தாங்கள் கண்டதையும் செய்ததையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். முற்போக்கு மனநல மருத்துவர்கள் சிலர் அவர்களுடன் அமர்ந்து கேட்டார்கள். அந்த இயக்கத்தின் நிர்ப்பந்தம்தான் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் இந்த நோயை இடம்பெறச் செய்தது. பலவீனம் என்று இகழப்பட்டது, காயம் என்று ஏற்கப்பட்டது. ஆட்சியாளர்கள் தாமாக முன்வந்து தந்த அங்கீகாரம் அல்ல அது.

கஞ்சா என்ன செய்கிறது?

இந்த நோயின் இயல்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நடந்து முடிந்த கொடிய நிகழ்வு கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் படையெடுக்கிறது. அதை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் நோயாளி தவிர்க்கிறார். அன்பு, மகிழ்ச்சி, நம்பிக்கை ஆகியவை மரத்துப்போகின்றன. சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடுகிறது, உறக்கம் பிடிப்பதில்லை, சினம் கட்டுக்கடங்குவதில்லை. தீபாவளிப் பட்டாசின் ஓசை கேட்டுக் கட்டிலுக்கு அடியில் பதுங்கும் முன்னாள் வீரரைக் கண்டு சிரிப்பவர்கள், அவரது உடல் இன்னும் போர்க்களத்திலேயே நிற்கிறது என்பதை அறியமாட்டார்கள்.

கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற வேதிப்பொருள் மூளையின் குறிப்பிட்ட ஏற்பிகளில் பிணைந்து செயல்படுகிறது. அது சிலருக்கு உறக்கத்தை விரைந்து வரவழைக்கிறது. கனவு காணும் உறக்க நிலையைக் குறைக்கிறது. பல ஆண்டுகளாகக் கொடுங்கனவால் அலறி எழுந்தவருக்கு ஓர் இரவு அமைதியான உறக்கம் கிடைப்பது சிறிய விஷயமல்ல. கஞ்சாதான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று கூறும் முன்னாள் வீரரைப் பொய்யர் என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

ஆனால் ஓர் இரவின் நிம்மதியும் ஒரு வாழ்வின் மீட்சியும் ஒன்றல்ல. உடல் அந்தப் பொருளுக்குப் பழகிவிடும்போது அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. திடீரென நிறுத்தினால் அடக்கி வைக்கப்பட்ட கனவுகள் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்புகின்றன. அதைத் தாங்க முடியாமல் மீண்டும் புகைக்கிறார். இதை அவர் "நிறுத்தினால் நோய் வருகிறது, ஆகவே இதுவே மருந்து" என்று புரிந்துகொள்கிறார். நோயின் குறியும் நிறுத்தத்தின் விளைவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அவராலும் பிரித்தறிய இயலுவதில்லை.

அறிவியல் சான்றுகள் இதுவரை என்ன சொல்கின்றன? 1992க்கும் 2011க்கும் இடையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் சிறப்புச் சிகிச்சை பெற்ற 2,276 பேரின் பதிவுகளை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசீலித்தார்கள். சிகிச்சைக்குப் பின் கஞ்சாவைப் புதிதாகத் தொடங்கியவர்களிடம் நோய்க்குறிகளும் வன்முறையும் குடிப்பழக்கமும் அதிகமாக இருந்தன. பழக்கத்தை நிறுத்தியவர்களும் ஒருபோதும் பயன்படுத்தாதவர்களும் ஒப்பீட்டளவில் நலமாக இருந்தார்கள். 2021இல் வெளியான, 76 முன்னாள் வீரர்களைக் கொண்ட சோதனையில், மூன்று வகைக் கஞ்சாவும் மருந்தற்ற போலிப் பொருளும் ஒப்பிடப்பட்டன. எல்லாக் குழுவினரும் ஓரளவு தேறினார்கள். போலிப் பொருளைவிடக் கஞ்சா சிறந்தது என்று நிறுவப்படவில்லை. மாறாக, கொலராடோ மாநிலத்தில் 150 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, கஞ்சா பயன்படுத்தியவர்களில் கூடுதலானோர் நோய் வரையறையிலிருந்து வெளியேறியதாகக் கூறியது. ஆனால் அங்கே யாருக்குக் கஞ்சா என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கவில்லை. பயன்படுத்துவோர் தாமே தேர்ந்துகொண்டார்கள். எனவே காரணம் எது, விளைவு எது என்று அதைக்கொண்டு அறுதியிட முடியாது. இவற்றையெல்லாம் சீர்தூக்கிய அமெரிக்க நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் 2023இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில், இந்த நோய்க்குக் கஞ்சாவைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே கூறியுள்ளன.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி எழுகிறது. ஒரு மருந்து பயன் தருகிறது என்று எதைக்கொண்டு சொல்வது? நோய்க்குறிகளின் பட்டியலில் மதிப்பெண் குறைந்தால் போதுமா? உலக சுகாதார நிறுவனம் இயலாமையை அளக்க ஆறு துறைகளை வகுத்துள்ளது: புரிந்துகொள்வதும் பேசுவதும், நடமாட்டம், தன்னைத் தானே பேணுதல், பிறருடன் பழகுதல், வீடு–வேலை–கல்விக் கடமைகள், சமூக வாழ்வில் பங்கேற்பு. உழைக்கும் மக்களின் பார்வையில் இதுவே சரியான அளவுகோல். அவர் காலையில் எழுந்து குளித்தாரா, வேலைக்குப் போனாரா, மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனாரா, மனைவியிடம் கைநீட்டாமல் இருந்தாரா, தெருவில் நான்கு பேரோடு நின்று பேசினாரா என்பதே கேள்வி. புகைமூட்டத்தில் கனவு மறைந்து, அதோடு வேலையும் உறவும் மறைந்துபோனால் அது குணமல்ல. தவிர்த்தல் என்பது இந்த நோயின் அடிப்படைக் கூறுகளில் ஒன்று. நாள் முழுவதும் புகைத்துக் கிடப்பது அந்தத் தவிர்த்தலுக்கு மற்றொரு வடிவமாகிவிடும் ஆபத்து உண்டு. சான்றுள்ள சிகிச்சையோ நேர்மாறான வழியில் செல்கிறது. பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரின் துணையோடு அந்த நினைவை எதிர்கொண்டு, அதன் பிடியைப் படிப்படியாகத் தளர்த்துவதே அது. அதற்குப் பல வாரங்கள் வேண்டும். பயிற்சி பெற்ற மனிதர்கள் வேண்டும். பொது நிதி வேண்டும்.

வியட்நாம் தந்த மற்றொரு பாடம்

வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்ததாக 1970களின் தொடக்கத்தில் நடந்த லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளரின் ஆய்வு கண்டறிந்தது. லட்சக்கணக்கான போதை அடிமைகள் ஊர் திரும்பப் போகிறார்கள் என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். ஆனால் நடந்தது வேறு. அவ்வாறு அடிமையாகியிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 5 சதவீத அளவிலேயே இருந்தார்கள். போர்ச்சூழல் அகன்றபோது, குடும்பமும் வேலையும் ஊரும் கிடைத்தபோது, மிகக் கொடிய போதையின் பிடிகூடப் பெரும்பாலோரிடம் தளர்ந்தது.

போதை என்பது தனிமனிதரின் ஒழுக்கக் கேடு என்று உபதேசிப்பவர்களுக்கும், மூளையின் வேதியியல் மட்டுமே என்று சொல்பவர்களுக்கும் இது தரும் பதில் ஒன்றுதான்: மனிதர் வாழும் சமூகச் சூழலை மாற்றாமல் போதையை மட்டும் தனியே பிரித்து ஒழிக்க முடியாது. அதே வேளையில், ஹெராயினை விட்ட வீரர்களில் பலரைக் கொடுங்கனவுகள் விடவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. போர் முடிந்து பத்தாண்டுகளுக்கும் மேலான பின்னர் நடந்த தேசிய ஆய்வில், வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 15 சதவீதத்தினர் இந்த நோயுடன் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சூழல் மாற்றமும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க முடியாது.

சிறைக்கும் சந்தைக்கும் இடையில்

அமெரிக்க அரசின் இரட்டை வேடம் இங்கேதான் அம்பலமாகிறது. 1970இல் நிக்சன் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம் கஞ்சாவை, மருத்துவப் பயன் ஏதுமற்ற முதல் பட்டியலில் வைத்தது. இந்தச் சட்டத்தின் பெயரால் லட்சோப லட்சம் கறுப்பின இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதே முதல் பட்டியல்தான் முறையான மருத்துவ ஆய்வுகளையும் பல பத்தாண்டுகள் முடக்கிப்போட்டது. முன்னாள் வீரர் தான் கஞ்சா பயன்படுத்துவதை நலத்துறை மருத்துவரிடம் சொன்னால் சிகிச்சை மறுக்கப்படமாட்டாது. ஆனால் அந்த மருத்துவர் அதைப் பரிந்துரைக்கவும் முடியாது. மருத்துவமனை வாயிலில் முடிந்துபோகும் இந்த உரையாடலை, சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள கஞ்சாக் கடையின் விற்பனையாளர் தொடர்கிறார்.

அந்தக் கடைக்குப் பின்னால் நிற்பவர்கள் யார்? மார்ல்பரோ சிகரெட்டைத் தயாரிக்கும் ஆல்ட்ரியா நிறுவனம் கனடாவின் கஞ்சா நிறுவனம் ஒன்றில் 180 கோடி டாலர் முதலீட்டை 2018இல் அறிவித்தது. மது வணிகத்தில் கொழிக்கும் கான்ஸ்டலேஷன் நிறுவனம் மற்றொரு கஞ்சா நிறுவனத்தில் அதே ஆண்டு 400 கோடி டாலரைக் கொட்டியது. புகையிலையும் மதுவும் விற்றவர்கள்தான் இன்று 'மருந்து' விற்க வருகிறார்கள். 1995இல் அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டிஎச்சியின் அளவு 4 சதவீதமாக இருந்தது. 2014இல் 12 சதவீதத்தை எட்டியது. இன்று கடைகளில் விற்கப்படும் பல சரக்குகளில் அதைவிடவும் அதிகம். நோயாளியின் தேவை அல்ல, சந்தைப் போட்டியே இந்த வீரியத்தைத் தீர்மானிக்கிறது. முன்னாள் படைவீரரின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்யும் தேசபக்தி இந்த வணிகத்துக்கு லாபகரமாகவே இருக்கிறது.

மறுபுறம், டொனால்டு டிரம்ப் நிர்வாகம் 2025இல் முன்னாள் படைவீரர் நலத்துறையில் 80,000 பணியிடங்களை ஒழிக்கத் திட்டமிட்டது. எதிர்ப்பு கிளம்பிய பின் அந்த எண்ணிக்கையை சுமார் 30,000 ஆகக் குறைத்துக்கொண்டது. பொதுச் சிகிச்சை சுருங்கச் சுருங்கச் சந்தை விரிகிறது. நவதாராளவாதத்தின் இலக்கணமே இதுதான்: பொதுப் பொறுப்பைக் கைகழுவிவிட்டு, கைவிடப்பட்டவரை வாடிக்கையாளர் ஆக்குவது.

நமது நாட்டின் நிலை

அமெரிக்காவில் எண்ணிக்கையாவது இருக்கிறது. இந்தியாவில் எண்ணிக்கையையே மறைக்கிறார்கள். ராணுவத்தினரில் பாதிக்கும் மேற்பட்டோர் கடும் மன அழுத்தத்தில் இருப்பதாகப் பணியில் இருந்த ராணுவ அதிகாரி ஒருவர் இந்திய ஐக்கிய சேவை நிறுவனத்தில் மேற்கொண்ட ஆய்வு தெரிவித்தது. 2021 ஜனவரியில் அது செய்தியானதும் அந்நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து ஆய்வு நீக்கப்பட்டது. ராணுவத் தலைமை அதை நிராகரித்தது. ஆய்வின் முறையில் குறை இருந்தால் விரிவான மற்றோர் ஆய்வு நடத்தி வெளியிட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் நிலைமை இன்னும் கொடியது. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை உள்ளிட்டவற்றில் ஐந்தாண்டுகளில் 730 பேர் தற்கொலை செய்துகொண்டதாக ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதே காலத்தில் 55,555 பேர் ராஜினாமா செய்தோ விருப்ப ஓய்வு பெற்றோ வெளியேறினார்கள். அரசாங்க வேலைக்காக லட்சக்கணக்கான இளைஞர்கள் தவம் கிடக்கும் நாட்டில், கையில் கிடைத்த வேலையை ஐம்பத்தைந்தாயிரம் பேர் உதறிவிட்டுப் போகிறார்கள் என்றால் அங்கே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டாமா? குடும்பத்தோடு ஆண்டுக்கு நூறு நாள் இருக்க வழி செய்யப்படும் என்று அரசு அளித்த வாக்குறுதி, பெரும்பாலான வீரர்களுக்கு இன்னும் வாக்குறுதியாகவே இருக்கிறது. இவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு என்று 2023 ஜனவரியில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அரசு உச்சநீதிமன்றத்துக்குச் சென்று தடை வாங்கியது.

இந்திய முன்னாள் வீரரின் போதை பெரும்பாலும் கஞ்சா அல்ல, மது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 3.1 கோடிப் பேர்; மது அருந்துவோர் 16 கோடிப் பேர். ராணுவ கேன்டீனில் சலுகை விலை ரம்மை மாதந்தோறும் அளந்து கொடுக்கும் அரசு, மனநல ஆலோசகரை மாவட்டந்தோறும் கொடுப்பதில்லை. உறக்கத்துக்காக அந்தக் குப்பியை நாடும் வீரரைக் 'குடிகாரர்' என்று ஊர் சொல்கிறது. அவரது அடியையும் வசவையும் தாங்கும் மனைவியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கஞ்சா குறித்த நமது நாட்டுச் சட்டமும் முரண்பாடுகளின் மூட்டை. 1893–94இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாடு பெரும் தீங்கு விளைவிப்பதில்லை என்றும் முழுத் தடை தேவையற்றது என்றும் கூறியது. கஞ்சா வரி வருவாயில் காலனி அரசுக்கு இருந்த அக்கறையையும் நாம் மறந்துவிட வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி ஆட்சியில் கொண்டுவரப்பட்ட 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவைத் தடை செய்தது. ஆனால் இலையிலிருந்து தயாராகும் பாங்கை விலக்கி வைத்தது. வடமாநிலங்கள் சிலவற்றில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு விற்கப்படுகிறது. அதே செடியின் பூவைப் புகைத்த கூலித் தொழிலாளிக்கு ஆறு மாதச் சிறை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கும் முடிவுக்கு ஆதரவாக இந்தியா வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டமோ மாறவில்லை. தாமே முன்வந்து சிகிச்சை பெறும் போதை அடிமைகளுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சிகிச்சை மையமே இல்லாத மாவட்டத்தில் அந்தப் பிரிவு வெறும் காகிதம்.

மருத்துவச் சபையும் நீதிமன்றமும்

கால் இழந்த வீரரைப் பார்த்ததும் காயம் தெரிகிறது. மனம் சிதைந்த வீரர் தனது காயம் ராணுவப் பணியால் விளைந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவச் சபை 'பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை' என்று எழுதிவிட்டால் ஊன ஓய்வூதியம் கிடையாது. பணியில் சேரும்போது நோய் எதுவும் பதிவாகாதிருந்தால், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். அப்படி இல்லையென்று நிறுவும் பொறுப்பு அரசுடையது என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக அரசு மேல்முறையீடுகளைத் தொடர்ந்துகொண்டே இருந்தது. இத்தகைய மேல்முறையீடுகளைக் கைவிட வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகமே அமைத்த நிபுணர் குழு 2015இல் பரிந்துரைத்தது. பதிலாக 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்தன. அவை ஊன ஓய்வூதிய உரிமையைக் குறுக்கும் என்று முன்னாள் படைவீரர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மனநோயால் பாதிக்கப்பட்ட நிலையில் நடந்துகொண்டதற்காக அவர் மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை பாரபட்சமானது என்று உச்சநீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் மோடி அரசு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அளிக்கும் பணிப் பாதுகாப்பிலிருந்து மத்திய ஆயுதக் காவல் படைகளின் போர்ப்பணியாளர்களை விலக்கி அறிவிக்கை வெளியிட்டிருந்தது. தேர்தல் மேடையில் வீரர்களின் படத்துக்கு மாலை. அரசிதழில் அவர்களின் உரிமைக்குக் கத்தரிக்கோல்.

அக்னிவீரர்களின் நாளை

2022 ஜூனில் திணிக்கப்பட்ட அக்னிபாத் திட்டம் இந்தப் பிரச்சனையைப் பன்மடங்கு பெருக்கப் போகிறது. முதல் அணியினரின் நான்காண்டுகள் 2026 இறுதியில் நிறைவடையத் தொடங்குகின்றன. நான்கில் ஒருவருக்கு மட்டுமே பணி நீடிக்கும். மற்ற மூவரும் இருபதுகளின் முற்பகுதியில், ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தில் இடமும் இல்லை. பணியால் விளைந்த ஊனம் 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்றால், ஊனத்தின் அளவுக்கேற்ப 15, 25 அல்லது 44 லட்சம் ரூபாய் ஒருமுறை கருணைத் தொகை. மாதாந்திர ஊன ஓய்வூதியம் கிடையாது.

இந்த நோய் பெரும்பாலும் பணிக்காலத்திலேயே வெளிப்பட்டுவிடும் என்று சொல்ல முடியாது. ஊர் திரும்பிச் சில மாதங்கள், சில நேரங்களில் ஆண்டுகள் கழித்தும் தலைதூக்கும். எல்லையில் கண்ட மரணம் இருபத்தைந்து வயதில் கனவாகத் திரும்பும்போது, அந்த இளைஞர் எந்த மருத்துவமனையின் கதவைத் தட்டுவார்? எந்தச் சபை அவருக்குச் சான்று வழங்கும்? துணை ராணுவத்தில் ஒதுக்கீடு, தனியார் நிறுவனங்களில் வேலை என்று அடுக்கப்படும் அறிவிப்புகள் எதுவும் இந்தக் கேள்விக்கு விடை தரவில்லை. மன அழுத்த நோய், வேலையின்மை, கையில் சிறு தொகை, எளிதில் கிடைக்கும் போதை – இவை ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் போதுமான எச்சரிக்கை.

காயம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு காஷ்மீர் பல்கலைக்கழகத்துடனும் ஸ்ரீநகர் மனநல நிறுவனத்துடனும் இணைந்து 2015இல் நடத்திய ஆய்வு, பள்ளத்தாக்கின் வயதுவந்தோரில் 45 சதவீதத்தினரிடம் கடும் மனத்துயரின் அறிகுறிகளையும், 19 சதவீதத்தினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகளையும் கண்டது. துப்பாக்கி ஏந்தி நிற்கும் விவசாயி மகனும், அந்தத் துப்பாக்கியின் முன் சோதனைக்காக நிற்கும் மாணவனும் ஒரே நோயைச் சுமக்கிறார்கள். பிரச்சனைகளை அரசியல் வழியில் தீர்க்க மறுத்து, படைகளை மட்டுமே பதிலாக அனுப்பும் ஆட்சியாளர்கள் இரு தரப்பையும் நோயாளிகள் ஆக்குகிறார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

போதையில் ஆழ்த்தும் கார்ப்பரேட் சந்தையை நாம் ஏற்கவில்லை. பயன்படுத்துபவரைச் சிறையில் தள்ளும் சட்டத்தையும் நாம் ஏற்கவில்லை. கஞ்சாவின் மருத்துவப் பயன் குறித்த ஆய்வு வணிக நிறுவனங்களின் பிடியில் இல்லாமல், பொது நிதியில், நமது பொது மருத்துவக் கல்வி நிறுவனங்களிலேயே நடத்தப்பட வேண்டும். முடிவு எதுவாயினும் அறிவியலுக்குத் தலைவணங்குவோம். ஆனால் எந்த இலையும் மாத்திரையும், அரசு தர மறுக்கும் ஓய்வூதியத்துக்கும் வேலைக்கும் சிகிச்சைக்கும் மாற்றாகாது.

ஆகவே பின்வரும் கோரிக்கைகளை முன்வைத்து நாம் இயக்கம் நடத்த வேண்டும்.

முன்னாள் படைவீரர்கள், மத்திய ஆயுதக் காவல் படையினர் ஆகியோரின் மனநலம், அன்றாட வாழ்வு, போதைப் பழக்கம் குறித்துச் சுயேச்சையான தேசிய ஆய்வு நடத்தி, முடிவுகளை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

பணிக்காலத்திலும் அதன் பின்னரும் வெளிப்படும் மன அழுத்த நோய் பணியால் விளைந்ததாகவே கருதப்பட வேண்டும். ஊனமுற்ற வீரர்களுக்கு எதிரான மேல்முறையீடுகளை அரசு திரும்பப் பெற வேண்டும்.

அக்னிபாத் திட்டத்தைக் கைவிட வேண்டும். ஏற்கெனவே சேர்ந்த அனைவருக்கும் முன்னாள் படைவீரர் தகுதியும் வாழ்நாள் மருத்துவ வசதியும் வழங்க வேண்டும்.

மத்திய ஆயுதக் காவல் படையினருக்குப் பழைய ஓய்வூதியம், வரையறுக்கப்பட்ட பணி நேரம், உறுதியான விடுப்பு ஆகியவற்றை நடைமுறைப்படுத்த வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலிருந்து அவர்களை விலக்கும் அறிவிக்கையை ரத்து செய்ய வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அளிக்கும் சிகிச்சை உரிமையை மாவட்ட மருத்துவமனை வரை மெய்ப்படுத்தப் போதிய நிதி ஒதுக்க வேண்டும். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் தொலைபேசி ஆலோசனை எண் மட்டும் போதாது. போதைப் பழக்கத்தைக் குற்றமாக அல்ல, நோயாக அணுகும் வகையில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

கோரிக்கைகளை எழுதி வைப்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. ஆண்டுதோறும் சுமார் 60,000 வீரர்கள் முப்படைகளிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். பெரும்பாலோர் முப்பதுகளின் பிற்பகுதியில், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயதில் வெளியே வருகிறார்கள். வங்கி வாசலிலும் ஏடிஎம் மையத்திலும் தொழிற்சாலைக் கதவருகிலும் காவலாளிச் சீருடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். இவர்கள் நமது தெருவில் வாழ்கிறார்கள். நமது தொழிற்சங்கங்கள் அமைப்பாக்க வேண்டிய தொழிலாளர்கள். மதவெறி அமைப்புகள் இவர்களைச் சீருடை அணிவகுப்புக்கு அழைக்கின்றன. நாம் இவர்களின் வீட்டுக்கதவைத் தட்டுவதில்லை என்ற குறையைச் சுயவிமர்சனத்தோடு ஏற்க வேண்டும்.

கிளைகள் தமது பகுதியில் உள்ள முன்னாள் வீரர்களின் குடும்பங்களைச் சந்திக்கட்டும். ஓய்வூதிய மனுவுக்கும் மருத்துவச் சபை மேல்முறையீட்டுக்கும் துணை நிற்கட்டும். மாதர் இயக்கத் தோழர்கள் அந்த வீட்டுப் பெண்களிடம் பேசட்டும். பல வீடுகளில் உண்மை அவர்களிடம்தான் இருக்கிறது. குடிகாரர், கஞ்சாக்காரர் என்ற ஏளனச் சொற்கள் நமது வாயிலிருந்து வராதிருக்கட்டும். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கு முதல் சிகிச்சையாக அமைந்தது, தம்மைப் போன்றவர்களுடன் அமர்ந்து பேசிய அந்தச் சிறு கூட்டங்கள்தாம். அந்தக் கூட்டங்கள் போர் எதிர்ப்பு இயக்கத்திலிருந்தே பிறந்தன. தனித்தனி அறைகளில் மூடிக்கிடக்கும் துயரைப் பொதுக் கோரிக்கையாக மாற்றும் அந்தப் பணியை நமது கிளைகள் இப்போதே தொடங்க வேண்டும்.